முதலில் சம்பளம், பிறகு தியானம்

கேள்வி: தாராவியில் தோல் பை தைக்கும் சின்னப் பட்டறை நடத்துகிறேன். தினமும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் பௌத்த முறையில் தியானம் செய்கிறேன். ஆனாலும் பட்டறையில் ஆட்களிடம் கோபமும் வீட்டில் பணத் தகராறும் குறையவே இல்லை. துறவிகளுக்குச் சொன்ன நெறி குடும்பஸ்தனுக்கு ஒத்துவராதோ?
- ஒரு வாசகர், மும்பை

பதில்: நெறியில் குறை இல்லை. நீங்கள் நடத்தை, ஒழுக்கம் என்ற முதல் படிகளை விட்டுவிட்டு தியானம் என்ற நடுப்படியில் கால் வைக்கிறீர்கள்.

பழைய மகத நாட்டு ராஜகிருகத்தில் ஆறு திசைகளையும் கும்பிட்டு நின்ற சிகாலன் என்ற குடும்பஸ்தனிடம் புத்தர் பேசியது அவருடைய நீண்ட பேச்சுகளின் தொகுப்பான தீக நிகாயத்தில் 31ஆம் சூத்திரமாக இருக்கிறது. அதில் தியானப் பயிற்சி எதுவும் இல்லை. பெற்றோர், ஆசிரியர், மனைவி மக்கள், நண்பர்கள், வேலையாட்கள், துறவிகள் இவர்களே ஆறு திசைகள், இவர்களுக்கு நீ செய்ய வேண்டியது இது என்று சொல்கிறார். உங்கள் மாநிலத்து உதாரணமும் உண்டு: 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவியவர்களுக்கு அம்பேத்கர் தந்த 22 உறுதிமொழிகளில் திருட மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன், குடிக்க மாட்டேன் என்பவை இருக்கின்றன. இத்தனை மணி நேரம் தியானம் செய்வேன் என்று ஒன்று இல்லை.

சிகாலனிடம் புத்தர் சொன்னபடி வேலையாட்களுக்கு முதலாளி செய்ய வேண்டியவை ஐந்து: சக்திக்கேற்ற வேலை, சாப்பாடும் கூலியும், நோயில் கவனிப்பு, நல்ல பண்டம் வந்தால் பங்கு, நேரத்துக்கு ஓய்வு. தீபாவளி ஆர்டருக்காக ராத்திரி பதினோரு மணி வரை ஆட்களை உட்காரவைத்துவிட்டு, காலையில் தையல் கோணினால் கத்துவதில் என்ன நியாயம்? களைத்த கை கோணத்தான் செய்யும். உங்கள் கோபத்தில் பாதி அந்த ராத்திரியிலேயே விளைந்தது. வியாபாரி அனுப்பும் ஸ்வீட் பெட்டியையும் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், பட்டறையிலேயே பங்கிடுங்கள்.

தப்பைச் சொல்லத்தான் வேண்டும். அதற்கும் வேறொரு பேச்சில் ஐந்து சோதனை சொன்னார் புத்தர்: தக்க நேரமா, உண்மையா, இதமா, பயன் உண்டா, மனதில் நல்லெண்ணம் இருக்கிறதா. "கண்ணு தெரியலையா?" என்பதில் பயன் இல்லை. "இந்த ஜிப் வளைஞ்சிருக்கு, பிரிச்சுத் திரும்பத் தை" என்பதில் உண்டு. அதையும் நாலு பேர் முன்னால் சொல்லாமல் மற்றவர்கள் சாப்பிடப் போனபின் சொல்லுங்கள். பலர் இடறுவது ஐந்தாவதில். சொல்வது உண்மைதான் என்ற ஒரே துணிச்சலில் வெறுப்பைக் கொட்டிவிடுகிறார்கள்.

இனி பணம். சிகாலனிடம் பேசிய அதே பேச்சில் வருமானத்தை நாலாகப் பிரிக்கச் சொல்கிறார்: ஒரு பங்கு அனுபவிக்க, இரண்டு தொழிலுக்கு, ஒன்று ஆபத்துக்காகச் சேமிப்பு. 40,000 ரூபாய் கையில் நின்றால் 10,000, 20,000, 10,000. மும்பை வாடகைக்குக் கால் பங்கில் வீடு நடக்காது, உண்மைதான். விகிதத்தைக் கொஞ்சம் வளைத்துக்கொள்ளுங்கள், நாலாவது பங்கை மட்டும் முழுசாக விழுங்கிவிடாதீர்கள். தோல் மொத்தமாக மலிவாகக் கிடைக்கிறது என்று அதில்தான் எல்லோரும் முதலில் கை வைக்கிறார்கள். பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வட்டிக்கு ஓடுகிறார்கள்.

அதனால் அந்தப் பங்கு மனைவியின் கணக்கில் இருக்கட்டும். வீட்டு அதிகாரத்தை மனைவியிடம் ஒப்படைப்பதும் கணவனின் ஐந்து கடமைகளில் ஒன்றாகவே சொல்லப்பட்டிருக்கிறது. பில் பணம் வந்த அன்றே ஆட்களின் சம்பள பாக்கியைத் தீர்த்துவிட்டு, மிச்சத்தை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பங்கு பிரித்துவையுங்கள். தியானத்தில் கால் மணி குறைந்தாலும் பரவாயில்லை.