வீட்டு ரவுட்டரில் பாக்கெட் ஃபில்டர் விதிகளை, அதாவது வந்துபோகும் தரவுத் துண்டுகளை அனுமதிக்கும் அல்லது தடுக்கும் விதிகளை, எப்படி அமைப்பது? எந்தெந்த போர்ட்டுகளை (சேவைகளுக்கான எண்ணிட்ட வாசல்களை) மூட வேண்டும்?

நானும் இதே கேள்வியோடுதான் தொடங்கினேன். 23, 445 என்று ஒவ்வொரு போர்ட்டாகத் தேடித் தேடி மூடினேன். டிசிபி என்ற நெறிமுறையில் மட்டும் 65,535 போர்ட்டுகள் இருக்கின்றன. அந்த வழியில் போனால் வேலை முடியவே முடியாது. எல்லாவற்றையும் மூடிவிட்டு, தேவையானதை மட்டும் திறங்கள். அப்போது நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இந்த இணைப்பை முதலில் தொடங்கியது யார்?

நீங்கள் ஒரு தளத்தைத் திறந்தால் அதன் பதில் வெளியிலிருந்து உள்ளே வந்தாக வேண்டும். தன் வழியாகப் போகும் இணைப்புகளை ரவுட்டர் நினைவில் வைத்திருப்பதால், எது பதில், எது அழையாமல் வந்தது என்று அதற்குத் தெரியும். ஆகவே முதல் விதி, எஸ்டாப்ளிஷ்ட் (ஏற்கெனவே நடக்கும் இணைப்பு), ரிலேட்டட் (அதனோடு தொடர்புடையது) இரண்டு நிலைகளையும் அனுமதிப்பது. அடுத்து, உள்ளிருந்து வெளியே போகும் புதிய இணைப்புகளுக்கு அனுமதி. மற்றதெல்லாம் டிராப், அதாவது பதில் சொல்லாமல் கைவிடுவது. லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும், முதலில் பொருந்துவதே செல்லும். அதனால் வரிசை மாறினால் அர்த்தமே மாறிவிடும்.

இதெல்லாம் ஃபார்வர்டு செயினில் (செயின் என்பது விதிகளின் வரிசை), அதாவது ரவுட்டரைக் கடந்து போகும் பாக்கெட்டுகளுக்கு. ரவுட்டருக்கே வரும் பாக்கெட்டுகள் இன்புட் செயினுக்குப் போகும். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். இன்புட்டில் நிர்வாகப் பக்கத்துக்கான 443-ஐ மட்டும் அனுமதித்துவிட்டு மற்றதை அடைத்தேன். ஐபி முகவரிக்குப் பிங் போனது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. வீட்டுக் கருவிகள் டிஎன்எஸ், அதாவது தளப் பெயருக்குரிய ஐபி முகவரி, கேட்பது ரவுட்டரிடம்தான் என்பதை மறந்திருந்தேன். உள் நெட்வொர்க்கிலிருந்து டிஎன்எஸ்ஸுக்கான 53-ஐ யுடிபி (டிசிபி போன்ற இன்னொரு நெறிமுறை), டிசிபி இரண்டிலும், கருவிகளுக்கு முகவரி தரும் டிஹெச்சிபிக்காக யுடிபி 67-ஐயும் திறந்து வையுங்கள்.

ஐபி முகவரியின் புதிய பதிப்பான ஐபிவி6 இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பழைய ஐபிவி4-இல், எல்லாக் கருவிகளும் ஒரே பொது முகவரியைப் பகிரும் நேட் இருப்பதால் வெளியாள் உள்ளே வருவது கடினம். ஐபிவி6-இல் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரியே கிடைக்கலாம். அங்கே ஃபயர்வால் ஒன்றுதான் கதவு. அதற்காக, பிழைச் செய்திகளைக் கொண்டுவரும் ஐசிஎம்பிவி6-ஐ மொத்தமாக அடைத்துவிடாதீர்கள். ஐபிவி6-இல் வழியிலுள்ள ரவுட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்காது. "பெரிதாக இருக்கிறது" என்று திருப்பிச் சொல்லும். அந்தச் செய்தி வராவிட்டால் சில பக்கங்கள் பாதியில் நின்றுவிடும். அண்டைக் கருவிகளைக் கண்டுபிடிப்பதற்கான 133 முதல் 136 வரையிலான ஐசிஎம்பிவி6 வகைகளையும் இன்புட்டில் தனியாக அனுமதிக்க வேண்டும். ரவுட்டர் டிஹெச்சிபிவி6 மூலம் முகவரி வாங்கினால் யுடிபி 546-உம் தேவை. கேள்வி மல்டிகாஸ்டாக (ஒரு குழு முகவரிக்கு) போய், பதில் வேறு முகவரியிலிருந்து வருவதால் முதல் விதி அதைப் பிடிக்காது.

அப்புறம் கேமரா, டிவி போன்ற கருவிகள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் பரவியபோது அது பெரும்பாலும் பிடித்தது தொழிற்சாலை கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்கள், ரவுட்டர்கள் போன்றவற்றைத்தான், அதுவும் முக்கியமாக டெல்நெட் என்ற தொலைநுழைவு வழியாக. இவற்றைத் தனி நெட்வொர்க்கில் வையுங்கள். இதை ரொம்ப அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் ஒரே வைஃபையில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு விதி எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஒரே நெட்வொர்க்கில் உள்ள இரண்டு கருவிகள் பேசிக்கொள்ளும்போது, பொதுவாக அந்தப் பாக்கெட் ஃபார்வர்டு செயினுக்கு வருவதே இல்லை. ஸ்விட்ச் மட்டத்திலேயே போய்விடும். தனி விலான் (மெய்நிகராகப் பிரிக்கப்பட்ட நெட்வொர்க்) போட்டால்தான் விதி வேலை செய்யும். உங்கள் கணினியிலிருந்து கேமராவுக்கு அனுமதி, கேமராவிலிருந்து கணினிக்கு டிராப், கேமராவிலிருந்து இணையத்துக்கும் டிராப் (வெளியே போக அனுமதிக்கும் பொது விதிக்கு மேலே). நேரம் சரிசெய்ய வேண்டுமானால் யுடிபி 123 மட்டும் போதும்.

யுபிஎன்பி-ஐ அணைத்துவிடுங்கள். அது இருந்தால் உள்ளிருக்கும் எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமலே வெளியிலிருந்து வழி திறந்துகொள்ளும்.

ஒரு செயினுக்கு டிராப் கொள்கையை (எந்த விதிக்கும் பொருந்தாததைக் கைவிடுவது) போடுவதற்கு முன், அந்தச் செயினில் முதல் விதி இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் கொள்கையை முதலில் மாற்றினேன். அந்த நொடியே, ரவுட்டருக்குள் நுழைந்திருந்த எஸ்எஸ்ஹெச் இணைப்பு உறைந்துவிட்டது. இப்போதெல்லாம் சில நிமிடங்களில் பழைய விதிகளைத் தானாகத் திரும்ப ஏற்றும்படி ஒரு கட்டளையை முன்கூட்டியே ஓடவிடுகிறேன். புதிய விதிகள் சரியாக இருந்தால் அதை நிறுத்துவேன். இல்லையென்றால் கொஞ்சம் காத்திருந்தால் போதும், ரவுட்டர் மறுபடி கைக்கு வந்துவிடும்.