மனித உயிரியல் படித்தால் வைத்தியராகலாமா? புதிதாய் ரொறன்ரோ வந்த ஒரு தந்தைக்குப் பதில்

தம்பி, யாழ்ப்பாணத்தில் உயர்தரம் உயிரியல் பிரிவில் ஓராண்டு படித்துவிட்டு இங்கே வந்து ஸ்காபரோவில் பதினோராம் வகுப்பில் சேர்ந்திருக்கும் உங்கள் மகள், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் மனித உயிரியல் படித்து வைத்தியராக விரும்புகிறார் என்றும், அந்தப் பட்டம் உண்மையில் அவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். அதே பட்டத்தைப் படித்துவிட்டு இப்போது ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன் என்ற வகையில், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஊரில் உயர்தரப் பெறுபேறும் இசட் புள்ளியும் வந்த கையோடு மருத்துவ பீடத்தின் கதவு திறக்கும், அல்லது மூடும். ஒன்ராறியோவில் அப்படியில்லை. பள்ளிக்கூடத்தை முடித்த பிள்ளை முதலில் வேறொரு பட்டப்படிப்பில் சில ஆண்டுகள் படித்த பின்னரே மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறது. அந்த இடைப்பட்ட படிப்பாகப் பலரும் தெரிவு செய்வதுதான் மனித உயிரியல். அது நல்ல படிப்பு, ஆனால் எந்தத் தொழிலுக்கும் உரிமம் தராத படிப்பு. நான்கு ஆண்டுகள் கழித்துப் பட்டமளிப்பு விழாவிலிருந்து வெளியே வரும்போது உங்கள் மகள் வைத்தியராகவோ தாதியாகவோ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகவோ இருக்க மாட்டார். அவற்றுக்கான அடுத்த படிப்புக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெற்றவராக மட்டுமே இருப்பார். கல்யாண வீடுகளில் "டொக்டருக்குத்தானே படிக்கிறா?" என்று கேட்பவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது, தெரியவும் தேவையில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதன் மறுபக்கம் ஒன்றும் உண்டு. மருத்துவப் பள்ளிகள் மனித உயிரியல்தான் படித்திருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. மக்மாஸ்ரர் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தையும் கட்டாயமாக்கவில்லை. வரலாறோ பொருளியலோ படித்தவர்களும் அங்கே விண்ணப்பிக்கலாம். ஆகவே மகளுக்கு உடலின் இயக்கத்தில் உண்மையாகவே ஈடுபாடு இருந்தால் மட்டும் இந்தப் படிப்பை எடுக்கச் சொல்லுங்கள். மருத்துவத்துக்கு இதுதான் குறுக்குவழி என்று நம்பி எடுப்பதில் பயனில்லை.

இப்போது உடனடியாகக் கவனிக்க வேண்டிய விடயத்துக்கு வருகிறேன். உயிரியல் பிரிவில் படித்த நம் பிள்ளைகள் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் இங்குள்ள பிள்ளைகளைவிட முன்னால் நிற்பார்கள்; கணிதத்தைச் சாதாரண தரத்தோடு விட்டிருப்பார்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் மத்திய வளாகத்தில் உயிர் அறிவியல் பிரிவுக்குள் நுழைய, பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தோடு நுண்கணிதமும் காவிகளும் (வெக்ரர்) கொண்ட கணிதப் பாடமும் வேண்டும். அந்தப் பாடத்தை எடுக்க முன்னரோ அதனுடன் சேர்த்தோ உயர்நிலைச் சார்புகள் என்ற இன்னொரு கணிதப் பாடத்தை எடுக்க வேண்டும். அதற்கும் பதினோராம் வகுப்புச் சார்புகள் பாடம் அத்திவாரமாக இருக்க வேண்டும். இந்த மூன்று படிகளில் ஒன்று இவ்வாண்டு தவறினால், அடுத்த ஆண்டு ஜனவரி நடுப்பகுதியில் விண்ணப்பம் முடிவடையும் நேரத்தில் பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். புதிதாக வந்த பிள்ளை என்பதற்காகச் சில பள்ளிகளில் இலகுவான கணிதப் பிரிவில் போட்டுவிடுவதும் உண்டு. பல்கலைக்கழகத்துக்கான பிரிவா, கல்லூரிக்கான பிரிவா என்று பாடக் குறியீட்டின் கடைசி எழுத்தைப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அது ஆங்கில "யூ" ஆக இருந்தால் பல்கலைக்கழகப் பிரிவு, "சீ" ஆக இருந்தால் கல்லூரிப் பிரிவு. விட்டுப்போன பாடத்தை ரொறன்ரோ மாவட்டப் பள்ளிச் சபையின் கோடைகாலப் பள்ளியில் எடுக்க முடியும்.

ஆங்கிலமும் அப்படித்தான். ஆங்கில வழிப் பள்ளியில் நான்கு ஆண்டுகள் படிக்காதவர்களிடம் பல்கலைக்கழகம் மொழித் தேர்ச்சிக்குச் சான்று கேட்கும். ஐஇஎல்ரிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு என்றால் மொத்தத்தில் 6.5, எந்தப் பகுதியிலும் 6.0 இற்குக் குறையாமல் எடுக்க வேண்டும்.

உள்ளே போனபின் முதலாம் ஆண்டு பலரையும் ஆட்டிப் பார்க்கும். உயிரியல் விரிவுரை கொன்வொகேசன் ஹோல் என்ற வட்ட மண்டபத்தில் நடக்கும்; 1,700 பேரளவில் அமரக்கூடிய இடம் அது, மேல்மாடத்தில் இருந்தால் பேராசிரியர் கைவிரல் அளவில் தெரிவார். அவருக்கு உங்கள் மகளின் பெயர் தெரியப்போவதில்லை. ஆய்வுகூட வகுப்புகள்தான் எனக்கு ஆறுதலாக இருந்தன. மைக்ரோபிப்பெட்டில் நீலச் சாயம் கலந்த டிஎன்ஏ ஒரு சிறு துளியை உறிஞ்சி, தாங்கல் கரைசலுக்கு அடியில் கிடக்கும் ஜெல்லின் சின்னக் குழிக்குள் அதை மெதுவாக இறக்க வேண்டும். முனை சற்று ஆழமாகப் போனால் குழியின் அடி கிழிந்துவிடும், பெருவிரலைச் சட்டென்று விட்டால் இறக்கிய துளி திரும்ப மேலே ஏறிவிடும். இன்றைக்கும் என் வேலையில் அந்தக் கைப்பழக்கம் உதவுகிறது. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் மரபியல், உயிர் இரசாயனவியல், புள்ளியியல், மனித உடற்றொழிலியல் என்று பாடங்கள் உடலுக்கு நெருங்கி வரும். ஒன்றைச் சொல்ல வேண்டும்: மத்திய வளாகத்தில் முதலாம் ஆண்டு முடிவில்தான் மனித உயிரியல், நரம்பியல் போன்ற தனித்தனிப் பிரிவுகளுக்குள் சேர முடியும். அதில் முதலாம் ஆண்டுப் புள்ளிகளுக்குப் பங்கு உண்டு.

புள்ளிகளைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு மயக்கம் இருக்கிறது. உயர்தரத்தில் 75 எடுத்தால் ஏ சித்தி, வீட்டில் கேக் வெட்டுவோம். இங்கே 75 என்பது வெறும் பி, பல்கலைக்கழகம் சராசரியைக் கணிக்கும் 4.0 அளவுகோலில் 3.0. எண்பதைத் தாண்டினால் 3.7, எண்பத்தைந்தைத் தொட்டால்தான் முழு 4.0. மருத்துவத்துக்குப் போட்டியிடுபவர்கள் பெரும்பாலும் 3.8, 3.9 என்று கொண்டுவருகிறார்கள் என்பதால், முதல் செமஸ்டரில் பழகிக்கொள்வோம், பிறகு பிடித்துக்கொள்வோம் என்ற எண்ணம் இந்தப் பாதையில் கைகொடுக்காது.

மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் காலம் வரும்போது ஓம்சாஸ் என்ற பொது விண்ணப்பத்தில் புள்ளிகளோடு சமூகப்பணி, ஆராய்ச்சி, வேலை அனுபவம், பரிந்துரைகள் எல்லாவற்றையும் எழுத வேண்டும். எம்கற் என்ற நாள் முழுதும் நீளும் தேர்வும் உண்டு. நான்கு பகுதிகள், 472 முதல் 528 வரையான புள்ளி அளவு. ஒட்டாவாப் பல்கலைக்கழகமும் வட ஒன்ராறியோ மருத்துவப் பல்கலைக்கழகமும் அதைக் கேட்பதில்லை. மக்மாஸ்ரர் வாசித்துத் திறனாயும் ஒரு பகுதியின் புள்ளியை மட்டும் பார்க்கிறது. அந்தப் பகுதியில் அறிவியல் கேள்வியே இருக்காது, கட்டுரைகளை வாசித்துக் கருத்தைப் பிடிக்க வேண்டும். தமிழில் படித்து வந்த பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே இப்போதிருந்தே ஆங்கிலப் பத்திரிகைகளின் நீண்ட கட்டுரைகளை வாசிக்கப் பழக்குங்கள். மருத்துவப் பள்ளி இடங்களில் குறைந்தது 95 வீதத்தை 2026 இலையுதிர் காலம் முதல் ஒன்ராறியோவில் வதிபவர்களுக்கே ஒதுக்குவதாக மாகாண அரசு 2024 இல் அறிவித்திருக்கிறது. 2025 இல் பிரம்ரனில் ஒரு புதிய மருத்துவப் பள்ளியும் திறந்திருக்கிறது. இவை நமக்குச் சாதகம்தான், ஆனாலும் விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இடம் கிடைப்பதில்லை என்ற நிலை மாறவில்லை.

அப்படியானால் இடம் கிடைக்காத பிள்ளை என்ன செய்வது? இந்தக் கேள்வியைக் கடைசி ஆண்டில் கேட்பவர்கள்தான் அதிகம். முதல் ஆண்டிலேயே கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இயன்மருத்துவம் இங்கே இரண்டாண்டு முதுகலைப் படிப்பு. ரொறன்ரோ, மக்மாஸ்ரர், குயின்ஸ், வெஸ்ரேர்ண் ஆகியவற்றில் ஆங்கிலத்தில் கற்பிக்கிறார்கள். மருந்தாளராக வருவதற்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகம் நான்கு ஆண்டுப் படிப்பைத் தொடங்கும் முன் குறைந்தது இரண்டாண்டு பல்கலைக்கழகப் படிப்பைக் கேட்கிறது; பட்டம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ரொறன்ரோவின் தாதியர் பீடமும் இரண்டாண்டு பல்கலைக்கழகப் படிப்புக்குப் பின் சேர்ந்து இரண்டாண்டில் முடிக்கும் முறையையே வைத்திருக்கிறது. மிச்னர் நிறுவனத்தில் ஆய்வுகூடத் தொழில்நுட்பம், சுவாசச் சிகிச்சை போன்ற பயிற்சிகள் உண்டு. என்னோடு வேலை செய்பவர்களில் பலர் முதலில் ஓர் உயிரியல் பட்டத்தை முடித்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தார்கள். இரத்த மாதிரியைப் பார்க்கிறோம், இரத்தம் கொடுத்தவரைப் பார்ப்பதில்லை என்பது எங்கள் வேலையின் தன்மை. அது எல்லோருக்கும் பிடிக்காது.

நோயாளியின் பக்கத்தில் நிற்பதுதான் மகளின் ஆசை என்றால், மனித உயிரியலைவிட நேரடித் தாதியர் பட்டத்தை நான் முன்னுக்கு வைப்பேன். 2005 முதல் ஒன்ராறியோவில் பதிவுபெற்ற தாதியாக வருவதற்குப் பட்டம் வேண்டும். மக்மாஸ்ரரிலும் ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்திலும் பள்ளியிலிருந்து நேரே சேரலாம், நான்கு ஆண்டுகளில் உரிமத் தேர்வை எழுதி வேலைக்குப் போகலாம். அதன்பின் மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பதையும் யாரும் தடுக்கப்போவதில்லை. தாதிப் படிப்பை இரண்டாம் தரமாகப் பார்க்கும் பழைய எண்ணத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை, நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்குக் கலை, அறிவியல் பிரிவுக் கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 டொலர். வெளிநாட்டு மாணவர் கட்டணம் அதைப்போல் பல மடங்கு. ஒஸாப் என்ற மாகாண மாணவர் நிதியுதவியைக் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களும், அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டவர்களும் கேட்கலாம். கோரிக்கை விசாரணையில் இருக்கும்வரை அது கிடைக்காது. உங்கள் நிலை இதில் எது என்று நீங்கள் எழுதவில்லை. எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்த வாரமே மகளுடன் பள்ளியின் வழிகாட்டல் ஆலோசகரைச் சந்தித்து, ஊர்ச் சான்றிதழ்களுக்கு எத்தனை பாடப் புள்ளிகள் (கிரெடிற்) சமமாகக் கணிக்கப்பட்டிருக்கின்றன, அடுத்த ஆண்டுக் கால அட்டவணையில் இரண்டு கணிதப் பாடங்களும் எந்த வரிசையில் வருகின்றன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளை எனக்கு அனுப்பினால், விட்டுப்போனது எது, கோடையில் எடுக்க வேண்டியது எது என்று பார்த்துச் சொல்கிறேன்.