செட்டிநாட்டுக் கறிக்குக் கட்டுப்படியாகும் ரெட் வைன் எது?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து காரைக்குடிக்கு வரும் அண்ணன், கறி விருந்துக்கு ரெட் வைன் வாங்கி வரட்டுமா என்கிறார். பேர் பெற்ற ஊர் வைனெல்லாம் விலை கூடுதல். எதை வாங்கச் சொல்லலாம்?

ஸ்பெயினில் பேர்பெற்ற ரியோஹா வட்டாரத்தை விட்டுவிட்டு, அராகோன் வட்டாரத்துக் காம்போ தே போர்ஹா அல்லது கலாதாயுத் என்று லேபிளில் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். கார்னாச்சா திராட்சைக்குப் பேர்போன இடங்கள். காய்ந்த மண், மழை குறைவு, மேலே 'சியெர்ஸோ' என்ற வறண்ட குளிர்காற்று. கொடிக்குப் பூஞ்சை நோய் குறைவு, காயும் குறைவு, அதனால் பழத்தில் சாரம் நிற்கும். ஊர்ப்பெயருக்கென்று தனிக்காசு கேட்க முடியாததால் விலை அடங்கியிருக்கிறது.

ஒரே கடையில் இரண்டு விலையில் கிடைத்தால், மலிவானதே உங்களுக்குச் சரி. லேபிளில் 'ஹோவென்' என்றிருந்தால் மரப்பீப்பாயில் அதிகம் வைக்காத இளசு. 'க்ரியான்ஸா' என்றால் விற்பனைக்கு வருமுன் 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும், அதில் குறைந்தது 6 மாதம் பீப்பாயில். 225 லிட்டர் பீப்பாயில் 300 பாட்டில்தான் வரும். பீப்பாய்க் காசு பாட்டில் விலையில் ஏறும். அந்த மரத்துவர்ப்பு மிளகாய்க் காரத்தோடு மோதி நாக்கை இன்னும் எரிய வைக்கும். ஆல்கஹாலும் அப்படித்தான். கார்னாச்சா சாதாரணமாகவே 14, 15 சதவீதம் போகும். 14-க்கு மேல் போகாததாகப் பொறுக்க வேண்டும். 'பழைய கொடி' என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம், எத்தனை வயது என்று பெரும்பாலும் லேபிளில் இருக்காது. அறுவடையாகி 2, 3 ஆண்டுக்குள் இருக்கட்டும். கார்னாச்சா காற்றுப்பட்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

மிளகுக் கோழி வறுவல், கோலா உருண்டைக்குப் பொருந்தும். உப்புக்கறியில் வற்றல் மிளகாயைக் கொஞ்சம் குறைத்தால் அதற்கும் சரி. நண்டு, புளி விட்ட மீன் குழம்பு பக்கமே கொண்டு போக வேண்டாம்.

சுங்கத்தில் ஒருவருக்கு 2 லிட்டர் மதுவுக்கு வரியில்லை. 750 மில்லி பாட்டில் இரண்டு அடங்கும். அண்ணன் ஏற்கெனவே ஒரு லிட்டர் விஸ்கி எடுத்திருந்தால் வைன் ஒன்றுதான் (பெரும்பாலும் அதுதான் நடக்கும்). ஊருக்குள் கடையில் வாங்கியதைக் கைப்பையில் விட மாட்டார்கள். பெட்டிக்குள், துணிக்கு நடுவே சுற்றி வைக்க வேண்டும். திருகு மூடியாக இருந்தால் இன்னும் நல்லது.

காரியம் கெடுவது திருச்சி விமான நிலையத்துக்கு வெளியேதான். காரின் டிக்கியில் வெயிலில் கிடந்தால் வைன் வெந்துபோகும். கார்க் சற்று மேலே தள்ளி, ஓரத்தில் கசிவு தெரியும், வாசனை ஜாம் காய்ச்சியது போல் இருக்கும். ஏசி ஓடும் இடத்தில், காலடியில் வையுங்கள். வீட்டிலும் ஆத்தங்குடித் தரை குளுமையை நம்பி மே மாதத்தில் வெளியே வைக்காமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் போடுங்கள்.

பரிமாறும் சூடு 16 டிகிரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 30, 40 நிமிடம் வெளியே விட்டால் போதும். ஏற்கெனவே சூடேறிய பாட்டிலானால் வாளியில் ஐஸ், தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டு, கழுத்துவரை அமிழ்த்தி 15, 20 நிமிடம். வெறும் ஐஸ்கட்டியில் புதைத்தால் நேரமாகும், தண்ணீர் சுற்றி ஒட்டினால்தான் குளிர் இறங்கும்.

திறந்ததும் நனைந்த அட்டை வாடை அடித்தால் கார்க்கின் கோளாறு. காற்றாடவிட்டாலும் போகாது, அடுத்ததைத் திறங்கள். மிச்சமிருப்பதை மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள்.