கம்பளத்தை முதல்ல திருப்பிப் போடுங்க

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஏரியா கல்யாண மண்டபத்துல எக்ஸிபிஷன் போட்டிருக்காவ. காஷ்மீர் கார்ப்பெட்டு, நாலுக்கு ஆறு அடி, அசல் பட்டு, கையால முடிச்சுப் போட்டது, சதுர இஞ்சுக்கு 400 முடிச்சுன்னு சொல்லுதாவ. 1,20,000 ரூபா உள்ளத கடைசி நாளுன்னு 35,000-க்குத் தாரோம்னு நிக்காவ. புது வீட்டு ஹாலுக்கு ஆசையா இருக்கு, எடுக்கலாமா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தங்கச்சி, துட்ட குடுத்துராதீய, முதல்ல ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். நாலுக்கு ஆறுன்னா 24 சதுர அடி, அதாவது 3,456 சதுர இஞ்ச், இஞ்சுக்கு 400-ன்னா மொத்தம் 13,82,400 முடிச்சு வருது. நல்லா கை பழகுன நெசவாளி நாளைக்கு 8,000 முடிச்சு போட்டாருன்னு வச்சாலே 170 நாளுக்கு மேல ஆவும், நாள் கூலி வெறும் 300 ரூபான்னு போட்டாக்கூட கூலி மட்டும் 51,000-ஐத் தாண்டிரும். பட்டு நூலு, சாயம், கழுவுற செலவு, வியாபாரி லாபம்னு எதையும் இன்னும் சேக்கவே இல்ல. அப்ப 35,000-க்கு எப்படித் தர முடியும்? ஒண்ணு 400 முடிச்சு இருக்காது, இல்ல பட்டா இருக்காது, இல்ல அது முடிச்சுப் போட்ட கம்பளமே கிடையாது.

இத கடையில நின்னே பாத்துரலாம். கம்பளத்தை அப்படியே திருப்பிப் போடச் சொல்லுங்க. கையால முடிச்சுப் போட்டதுன்னா மேல தெரியுற அதே பூவும் கொடியும் பின்பக்கமும் தெளிவா தெரியும், ஒவ்வொரு முடிச்சும் சின்னச் சின்னப் புள்ளியா நிக்கும், வரிசை அங்கங்க லேசா கோணிருக்கும். ஒரு ஸ்கேல வச்சு குறுக்க ஒரு இஞ்ச், நெடுக்க ஒரு இஞ்ச் எண்ணிப் பெருக்குங்க, இருபதுக்கு இருபது இருந்தாத்தான் 400. பின்பக்கம் துணி ஒட்டியிருந்தா அது டஃப்டெட், துணியில நூல கன் வச்சுக் குத்தி பசை போட்டு ஒட்டுறது. அதுவும் கைவேலைதான், ஆனா முடிச்சு கிடையாது, விலையும் ஆயுசும் ரொம்பக் கம்மி. நானே முன்ன ஒரு கடையில முடிச்சுக் கம்பளம்னு நம்பி அத வாங்கிட்டு வந்தேன், நாலு வருஷத்துல கூட்டும்போதெல்லாம் அடியில கோலமாவு மாதிரி பொடி கொட்டுச்சு, பசை காஞ்சு உதிருது. அந்த வருத்தம் இன்னும் போகல, அதான் இவ்வளவு சொல்லுதேன்.

குஞ்சத்தையும் பாருங்க. அசல்ல குஞ்சம்ங்கறது பாவு நூலோட, அதாவது கம்பளத்துல நெடுக்க ஓடுற நூலோட நுனிதான், கம்பளத்துக்குள்ள இருந்தே வரும், தனியா தச்சு வச்சிருந்தா சந்தேகப்படுங்க. பட்டான்னு பாக்க ஒரு இழைய எரிச்சா முடி பொசுங்குன வாடை வரும், சாம்பல் விரல்ல நொறுங்கும், பேப்பர் எரிஞ்ச வாடை வந்தா அது பருத்தியோ ரேயானோதான். ஆனா குஞ்சத்துல இருந்து எடுத்துறாதீய, அசல் பட்டுக் கம்பளத்துலயே பாவு பருத்தியா இருக்கதுண்டு, மேல நிக்குற நூல்ல இருந்துதான் எடுக்கணும். காஷ்மீர் கம்பளத்துக்கு இப்ப கியூஆர் கோடோட புவிசார் குறியீட்டு லேபிள் வருது, அது உண்டான்னும் கேளுங்க. பத்தமடைப் பட்டுப்பாய மடிச்சுப் பாத்து, வெளிச்சத்துல தூக்கிப் பாத்து வாங்குற ஊர்க்காரங்க நாம, இதுக்கு மட்டும் கடைக்காரர் வாய்ப்பேச்சு எதுக்கு?

கேள்வி: மாமா வெளிநாட்டுல இருந்து கொண்டாந்த ஈரான் கம்பளத்துல செவப்பு ஒரு பட்டையில மட்டும் வெளுத்த மாதிரி இருக்கு. டேமேஜா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பயப்படாதீங்க. கம்பளி நூல கொஞ்சங் கொஞ்சமா சாயம் முக்கும்போது ஒரு ஈட்டுக்கும் அடுத்த ஈட்டுக்கும் நிறம் மாறும், நெய்யும்போது குறுக்கால பட்டை விழும். இதுக்கு அப்ராஷ்னு பேரு, விரும்பித் தேடி வாங்குறவங்களே இருக்காங்க, எனக்கும் அதுதான் பிடிக்கும். நூல விரிச்சு அடியையும் நுனியையும் மட்டும் பாருங்க, அடி கடுஞ்செவப்பா நுனி வெளுத்திருந்தா அது வெயிலு தின்னது. ஈர வெள்ளைத் துணிய வச்சு லேசாத் தேச்சும் பாருங்க, செவப்பு ஒட்டுச்சுன்னா சாயம் கெட்டியில்ல, வீட்டுல தண்ணி ஊத்திக் கழுவவே கூடாது.

கேள்வி: கம்பளிக் கார்ப்பெட்டுல சோபாவுக்கு அடியில மட்டும் நூலு உதிருது, ஏன்?
- வாசகி, தென்காசி

பதில்: அந்துப்பூச்சிப் புழு. இருட்டும் ஆள் நடமாட்டம் இல்லாத இடமும்தான் அதுக்கு வேணும். இன்னைக்கே சோபாவ நகத்திட்டு ரெண்டு பக்கமும் வேக்குவம் போடுங்க, பின்பக்கம் மேல வர்ற மாதிரி கொஞ்ச நேரம் வெயில்ல விரிங்க. மாசத்துக்கு ஒரு தடவையாவது சோபாவ நகத்துங்க. எடுத்து வைக்கணும்னா மடிக்காம சுருட்டி, பழைய வேட்டியில சுத்தி வைங்க, பிளாஸ்டிக் கவர் மட்டும் வேண்டாம், உள்ள ஈரம் நின்னு பூஞ்சை பிடிச்சிரும்.