டால் ஃபெஸ்க்யூ புல்தரை: உறுப்பினர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டால் ஃபெஸ்க்யூ என்னும் குளிர்பருவப் புல்லை வசந்தத்தில் விதைக்கலாமா, இலையுதிர் காலம் வரை காத்திருக்க வேண்டுமா?

பதில்: காத்திருங்கள். கோடை தணிந்து பகல் வெப்பம் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது மண்ணில் இன்னும் சூடு எஞ்சியிருப்பதால், விதை 7 முதல் 14 நாள்களுக்குள் முளைத்துவிடும். அடுத்த கோடைக்குள் வேர் ஆழமாக இறங்கவும் போதிய அவகாசம் கிடைக்கும். வசந்தத்தில் விதைத்தாலும் முளைப்பில் குறையிராது. ஆனால் வேர் பிடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும், களைகளும் அதே நேரத்தில் போட்டிக்கு வரும். புதிய தரைக்குச் சதுர மீட்டருக்கு 30 முதல் 40 கிராம் விதை போதும். அதை அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம்.

கேள்வி: வழுக்கை விழுந்த இடங்கள் இரண்டு ஆண்டுகளாகியும் மூடவில்லையே, ஏன்?

பதில்: இப்புல் தூர் கட்டி வளர்வது, மண்ணுக்கடியில் தண்டு ஓடிப் படர்வது மிகக் குறைவு. ஆகவே வழுக்கை தானாக மூடும் என்று எதிர்பார்க்காமல், மண்ணைக் கீறிவிட்டு மறுபடியும் விதையுங்கள். விதைக்கும்போதே எடையில் பத்தில் ஒரு பங்கு கென்டக்கி புளூகிராஸ் என்னும் மற்றொரு புல்லின் விதையைக் கலந்துகொள்வது எனக்குப் பிடித்த வழி, ஏனெனில் அது படர்ந்து இடைவெளிகளை நிரப்பும். பத்தில் ஒன்று சொற்பமாகத் தோன்றலாம். ஆனால் புளூகிராஸ் விதை மிகப் பொடியானது என்பதால், எண்ணிக்கையில் அது ஃபெஸ்க்யூவுக்கு ஏறத்தாழ ஈடாகவே வந்துவிடும்.

கேள்வி: எவ்வளவு உயரத்தில் வெட்டுவது?

பதில்: 7.5 முதல் 10 சென்டிமீட்டர் வரை. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வெட்டிய மறுநாள் ஓர் இலையைக் கிள்ளி அதன் நுனியைப் பாருங்கள். நார்நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால், பிளேடு மழுங்கிவிட்டது என்று பொருள்.

கேள்வி: கோடையில் புல் சோர்ந்திருந்ததால் உரமிட்டேன். பத்தே நாள்களில் வட்டம் வட்டமாகப் பழுப்பேறிவிட்டது. தண்ணீர் போதவில்லையா?

பதில்: தண்ணீரைக் கூட்டினால் நிலைமை மோசமாகலாம். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், ரைசோக்டோனியா என்னும் பூசணத்தால் வரும் பழுப்புத் திட்டு நோயாகவே தோன்றுகிறது. இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்காமல், இலை மணிக்கணக்கில் ஈரமாகவே இருக்கும் நாள்களில் இது பரவும். தழைச்சத்து மிகுந்த இளம் இலை அதற்குச் சுலபமான இரை. விடியற்காலையில் பனி உலர்வதற்கு முன் குனிந்து பார்த்தால், திட்டின் விளிம்பில் புகை படிந்தாற்போன்ற கருஞ்சாம்பல் வளையம் சில சமயம் தெரியும். பெரும்பாலும் தூரின் அடிப்பகுதி உயிரோடிருக்கும் என்பதால், அவசரப்பட்டுப் பிடுங்கி எறியாதீர்கள். தழைச்சத்தின் பெரும்பகுதியை இலையுதிர் காலத்துக்கு ஒதுக்குங்கள். கோடையில் சோர்ந்த புல் பசியால் சோரவில்லை, அதற்கு ஓய்வுதான் தேவை.

கேள்வி: தினமும் சிறிது நீர் தெளிப்பது நல்லதா?

பதில்: முளைக்கும் வரை மட்டுமே. பிறகு மழையையும் சேர்த்து வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் நீரை, அதிகாலையில், ஓரிரு தடவைகளில் ஆழமாக ஊறும்படி விடுங்கள். இதன் வேர் நல்ல மண்ணில் 60 சென்டிமீட்டருக்கும் கீழே செல்லக்கூடியது. மேல்மண்ணிலேயே ஈரம் கிடைத்துவிட்டால் அது கீழே இறங்காது. நடந்த காலடித் தடம் நிமிராமல் அப்படியே நின்றால், நீர் விடும் நேரம் வந்துவிட்டது.

கேள்வி: விதைப் பையில் 'எண்டோஃபைட் உள்ளது' என்று அச்சிட்டிருக்கிறார்கள். வெட்டிய புல்லைக் குதிரைக்குப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். எண்டோஃபைட் என்பது புல்லுக்குள்ளேயே வாழும் ஒரு பூசணம். இலையையும் தண்டையும் தின்னும் பூச்சிகள் பலவற்றை அது விரட்டுவதால், புல்தரை விதைகளில் அதை விரும்பியே வைத்திருக்கிறார்கள். மேய்ச்சலில் கதை வேறு. 1943இல் வெளியாகிப் பெருமளவில் பரவிய கென்டக்கி 31 என்னும் டால் ஃபெஸ்க்யூ ரகம் வளர்ந்த மேய்ச்சல் நிலங்களில் கால்நடைகள் நலிந்ததற்கு இந்தப் பூசணத்தின் நச்சே காரணம் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் புலப்பட்டது. குறிப்பாக நிறைசினையான குதிரைக்கு ஈற்றுக் காலம் தள்ளிப்போகும், பாலும் சுரக்காமல் போகலாம். வெட்டிய புல்லைத் தரையிலேயே உதிர விட்டுவிடுங்கள். அதிலுள்ள தழைச்சத்து மண்ணுக்கே திரும்பும்.