வாசகர் கேள்வி: பைசா கோபுரத்தை ஏன் முழுவதும் நிமிர்த்தவில்லை?

கேள்வி: பைசா கோபுரத்தின் சாய்வைக் குறைக்க, சாயும் பக்கம் முட்டுக் கொடுக்காமல் எதிர்ப்பக்கத்து மண்ணை எடுத்தார்களாமே! அது ஆபத்தில்லையா? அவ்வளவு செய்தவர்கள் முழுவதும் நிமிர்த்தாமல் விட்டது ஏன்? – பொறியியல் மாணவி, திருச்சி

பதில்: ஆபத்துதான். ஆனால் மற்ற வழிகள் அதைவிட ஆபத்தானவை என்று பட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இந்த வழிக்கு வந்தார்கள். சுமார் 14,500 டன் எடையுள்ள கோபுரம் மென்மையான களிமண்ணின் மேல், தெற்கு நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. 1934இல் அடித்தளத்தில் துளையிட்டுச் சிமென்ட் கரைசலைச் செலுத்தியபோது சாய்வு கூடியதே தவிரக் குறையவில்லை. 1989இல் அதே இத்தாலியில் உள்ள பாவியா நகரின் பழைய கோபுரம் திடீரென இடிந்து நால்வர் இறந்ததை அடுத்து, 1990 ஜனவரியில் பைசா கோபுரத்தையும் மூடி, நிபுணர் குழு ஒன்றிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள்.

அக்குழு 1993இல் வடக்கு விளிம்பில் 600 டன் ஈயக் கட்டிகளை அடுக்கியது. சாய்வும் சற்றுக் குறைந்தது. ஈயக் குவியல் பார்வைக்கு உறுத்தலாக இருந்ததால், அதற்குப் பதிலாக ஆழத்தில் நங்கூரமிட்ட கம்பிகளால் அடித்தளத்தை இழுத்துப் பிடிக்க முடிவு செய்து, தோண்டும் இடத்தில் நிலத்தடி நீர் புகாதிருக்கத் திரவ நைட்ரஜனால் மண்ணை உறையவைத்தார்கள். 1995 செப்டம்பரில், வழக்கமாக ஓராண்டில் நகரும் அளவுக்குக் கோபுரம் ஒரே இரவில் தெற்கே நகர்ந்தது. வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, ஈயத்தை 900 டன்னாக உயர்த்தியே அதைப் பிடித்து நிறுத்த முடிந்தது.

அதன் பிறகுதான் மண் எடுக்கும் முறை வந்தது. வடக்குப் பக்கத்திலிருந்து சாய்வாகக் குழாய்களை இறக்கி, அவற்றினுள் சுழலும் துரப்பணத்தால் சிறிது சிறிதாக மண்ணை எடுத்தார்கள். எடுத்த இடம் மெல்ல மூடிக்கொள்ள, அடித்தளத்தின் வடபகுதி தாழ்ந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் கோபுரத்தின் அசைவை அளந்து பார்த்தே அடுத்த அளவைத் தீர்மானித்தார்கள். 1999 முதல் 2001 வரை மொத்தம் எடுத்தது சுமார் 38 கன மீட்டர், அதாவது சில லாரி மண். சாய்வு ஏறத்தாழ அரைப் பாகை குறைந்தது.

முழுவதும் நிமிர்த்தாததற்குச் சுற்றுலா வருமானக் கணக்கும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அதைவிட வலுவான காரணம் கோபுரத்தின் வடிவம். 1173இல் தொடங்கிய கட்டுமானம் நீண்ட இடைவெளிகளுடன் பதினான்காம் நூற்றாண்டு வரை நடந்தது. கட்டக் கட்டச் சாய்வதைக் கண்ட கொத்தர்கள் மேல்தளங்களை வடக்கு நோக்கித் திருத்திக்கொண்டே போனதால், கோபுரம் வாழைப்பழம் போல வளைந்துள்ளது. மணிமண்டபத்துக்கு ஏறும் இடத்தில் வடக்கே நான்கு படிகளும் தெற்கே ஆறு படிகளும் இருப்பதைப் பார்த்தாலே இது விளங்கும். அடித்தளத்தை மட்டப்படுத்தினால் உச்சி வடக்கே சாய்ந்துவிடும். தவிரவும், குழுவின் முதல் கவலை தென்புறக் கீழ்த்தளச் சுவர் எடை தாங்காமல் பிளந்துவிடுமோ என்பதுதான். அந்த அழுத்தம் தணிய அரைப் பாகையே போதுமானதாக இருந்தது. 2001 டிசம்பரில் கோபுரம் மீண்டும் திறக்கப்பட்டது.

கேள்வி: இந்த முறையை வேறெங்காவது பயன்படுத்தியிருக்கிறார்களா? – வாசகர், கும்பகோணம்

பதில்: மெக்சிகோ நகரப் பேராலயத்தில், பைசாவுக்கு முன்பே 1990களில் பயன்படுத்தினார்கள். நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் அந்த நகரமே அமிழ்ந்து வருகிறது. எனவே அங்கு நோக்கம் அமிழ்வதைத் தடுப்பதன்று, கட்டடத்தின் எல்லாப் பகுதிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் அமிழச் செய்வதே.