சோவியத் ஹெலிகாப்டர்களில் மி-8 24 பேரைச் சுமக்கிறது, கப்பலிலிருந்து பறக்கும் கா-29 16 பேரைத்தான் சுமக்கிறது. பிறகு ஏன் சோவியத் கடற்படை சிறியதைத் தேர்ந்தெடுத்தது?

கேள்வியில் உள்ள இரண்டு எண்களும் சரிதான். ஆனால் கரையிலிருந்து கிளம்பும் ஹெலிகாப்டருக்குத்தான் அந்த ஒப்பீடு பொருந்தும். கப்பலிலிருந்து கிளம்பும் தாக்குதல்-போக்குவரத்து ஹெலிகாப்டரின் திறனை முதலில் தீர்மானிப்பது அது நிற்கும் தளம். எஞ்சினும் இருக்கையும் அதற்குப் பிறகுதான்.

மி-8-இன் ரோட்டார் (மேலே சுழலும் விசிறி) விட்டம் 21.3 மீட்டர், கா-29-க்கு 15.9 மீட்டர். மி-8-இன் பிந்தைய வகைகளிலும் கா-29-இலும் ஒரே டிவி3-117 எஞ்சின் குடும்பம்தான். கா-29-இல் இருப்பவை தலா 2,200 குதிரைத்திறன் கொண்ட இரண்டு. இவ்வளவு சிறிய வட்டத்தில் 12.6 டன் வரை தூக்க முடிவதற்குக் காரணம், ஒரே அச்சில் ஒன்றின் மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு ரோட்டார்கள். ஒன்றின் திருப்புவிசையை மற்றது சமன் செய்துவிடுகிறது. அதனால் வால் விசிறி தேவையில்லை, அது விழுங்கும் ஏறத்தாழ 10 விழுக்காடு சக்தியும் தூக்குவதற்கே வந்து சேர்கிறது. நீண்ட வாலும் இல்லை. பிளேடுகளைப் பின்னோக்கி மடித்தால் 12 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் முழு ஹெலிகாப்டரும் அடங்கிவிடும். சாதாரண மி-8-இன் பிளேடுகள் மடியவே மடியாது. ஹேங்கருக்குள் (கப்பலின் ஹெலிகாப்டர் கொட்டகைக்குள்) நுழையாத ஹெலிகாப்டர் பயணம் முழுவதும் உப்புக் காற்றில் நின்றபடியே வரும், அடுத்தது எழும்ப வேண்டிய இடத்தையும் அடைத்துக்கொள்ளும்.

வால் விசிறி இல்லாததில் இன்னொரு பெரிய நன்மை உண்டு, விவரப் பட்டியல்களில் அது வருவதில்லை. கப்பலின் மேல்கட்டுமானத்தைச் சுற்றி வரும் காற்று கலங்கித்தான் வரும். வால் விசிறி உள்ள ஹெலிகாப்டருக்குப் பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ பலமாக அடித்தால் மூக்கைத் திசையில் பிடித்து வைக்கவே, வால் விசிறியைக் கட்டுப்படுத்தும் கால்மிதியின் எல்லை தீர்ந்துபோகலாம். அதற்காகக் கப்பலே திசை மாற்றிக் காற்றைச் சாதகமாக்கிக் கொடுக்க வேண்டிவரும். கரையை நெருங்கும் நேரத்தில் கப்பலுக்கு அந்தச் சுதந்திரம் பெரும்பாலும் இருக்காது. ஓரச்சு ரோட்டார் இதை மிக எளிதாகத் தாங்குகிறது. விலையும் இல்லாமல் இல்லை: ஹெலிகாப்டர் உயரமாகிறது, ரோட்டார் தலையின் பாகங்கள் பெருகுகின்றன, மேல் கீழ் பிளேடுகள் நெருங்கிவிடாதபடி வேகத்துக்கும் கூர்மையான திருப்பங்களுக்கும் வரம்பு வைக்க வேண்டியிருக்கிறது.

கப்பல் தளத்தில் ஆபத்து பறக்கும்போது மட்டும் இல்லை, ரோட்டாரைச் சுழற்றத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் இருக்கிறது. முழு வேகத்தில் சுழலும் பிளேடை மையவிலக்கு விசை விறைப்பாக வைத்திருக்கும். வேகம் குறைந்த அந்தச் சில விநாடிகளில் ஒரு சூறைக்காற்று வந்தால் பிளேடு பாய்மரம் போலத் தூக்கியடித்து ஹெலிகாப்டரின் உடலையே வெட்டிவிடும். முன்னும் பின்னும் ரோட்டார் கொண்ட அமெரிக்க சிஎச்-46-க்குக் கப்பல்களில் நெடுங்காலம் இருந்த தொல்லை இது. எனவே பறப்பதற்கான காற்று வரம்பு வேறு, ரோட்டாரைச் சுழற்றத் தொடங்குவதற்கான வரம்பு வேறு.

அடுத்தது தளத்தின் விளிம்பு. ரோட்டார் வட்டத்தின் பாதி தளத்துக்கு மேலும் மீதி கடலுக்கு மேலும் இருக்கும்போது, தரைக்கு அருகே கிடைக்கும் கூடுதல் தூக்குவிசை ஒரு பாதிக்குத்தான் கிடைக்கும். முழுச் சுமையோடு பக்கவாட்டில் நகர்ந்து விளிம்பைக் கடந்ததும் ஹெலிகாப்டர் கீழே அமிழ்வது இதனால்தான். கட்டுச்சங்கிலி ஒன்று அவிழ்க்கப்படாமல் இருந்தாலோ, சக்கரம் எங்காவது மாட்டினாலோ, மாட்டிய புள்ளியே அச்சாகி ஹெலிகாப்டர் புரண்டுவிடும். 1999 டிசம்பரில் கலிபோர்னியா கடற்கரைக்கு அப்பால் நடந்த பயிற்சியில் ஒரு சிஎச்-46-இன் சக்கரம் பெகோஸ் என்ற துணைக்கப்பலின் விளிம்புப் பாதுகாப்பு வலையில் சிக்கியது. ஹெலிகாப்டர் கடலில் கவிழ்ந்து 7 பேர் இறந்தார்கள். எஞ்சினும் கியர்பெட்டியும் மேலே இருப்பதால் தண்ணீரில் விழுந்த ஹெலிகாப்டர் உடனே தலைகீழாகும். ஏறும் ஒவ்வொரு வீரரும் தலைகீழாக, இருட்டில், நீருக்குள் இருந்து வெளியேறும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதைப் போரில்லாத காலத்திலும் தளர்த்தவே கூடாது.

இனி சுமைக் கணக்கு. கா-29 உள்ளே 2,000 கிலோ, வெளியே கொக்கியில் 4,000 கிலோ. ஆயுதம், குண்டு, தண்ணீர், கவசத்தோடு ஒரு வீரரை 120 கிலோ என்று வைத்தால் 16 பேர் 1,920 கிலோ. உள் வரம்பு அங்கேயே முடிகிறது. ஆயுதங்களும் நிறைய உண்டு: மூக்கில் நான்கு குழல் 7.62 மி.மீ. துப்பாக்கி, அதற்கு 1,800 குண்டுகள். பக்கவாட்டுத் தாங்கிகளில் 80 மி.மீ. ராக்கெட் கூடுகள் அல்லது ஷ்டுர்ம் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள். தேவைப்பட்டால் 30 மி.மீ. பீரங்கியும் 250 குண்டுகளும். இவற்றையும் 16 பேரையும் முழு எரிபொருளையும் ஒன்றாக ஏற்றிப் பறக்கலாம் என்று நினைப்பதுதான் இந்த வகையைப் பற்றிப் பரவலாக இருக்கும் தவறு. நடைமுறையில் சில ஹெலிகாப்டர்கள் வீரர்களோடும், சில ஆயுதங்களோடு துணைக்கும் போகும்.

கொக்கிச் சுமைக்கு இரண்டு எச்சரிக்கைகள். பறந்து வரும் ஹெலிகாப்டரின் உடலில் நிலைமின்சாரம் சேர்ந்திருக்கும். கீழே நிற்பவர் தளத்தோடு இணைத்த மின்கடத்திக் கோலால் கொக்கியை முதலில் தொட வேண்டும், கையால் தொட்டால் தூக்கி எறியும். இரண்டாவது, பெட்டி வடிவச் சுமை காற்றில் சுழன்று ஊசலாடும். ஊசல் அடங்கும்வரை வேகத்தைக் குறைக்க வேண்டும். அடங்காவிட்டால் சுமையைக் கடலில் விட்டுவிட வேண்டும்.

கா-29-இன் உண்மையான குறை எண்ணிக்கையில் இல்லை, பின்புறச் சாய்தளம் இல்லாததில் இருக்கிறது. வீரர்கள் இடப்பக்கக் கதவு வழியாக இறங்குகிறார்கள். சிஎச்-46, பிரிட்டனின் மெர்லின், சிஎச்-53 ஆகியவற்றில் பின்கதவு தாழ்ந்ததும் ஆட்களும் பெட்டிகளும் ஒரே ஓட்டத்தில் வெளியேறலாம். தரையில் நிற்கும் ஒவ்வொரு விநாடியும் சுடப்படும் வாய்ப்பு என்பதால், இந்த வேறுபாட்டை 16-க்கும் 24-க்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரியதாகவே கருதுகிறேன்.

மொத்தத் திறனை அலைகளில், அதாவது ஒரே சுற்றில் கிளம்பும் தொகுதிகளில், எண்ண வேண்டும். 1956 நவம்பர் 6 அன்று எகிப்தின் போர்ட் சயீத் துறைமுகத்தில் பிரிட்டனின் ஓஷன், தீசியஸ் கப்பல்களிலிருந்து சிறிய விர்ல்விண்ட், சிக்காமோர் ஹெலிகாப்டர்கள் ஒன்றரை மணி நேரத்தில் 400-க்கும் மேற்பட்டவர்களை இறக்கின. ஒவ்வொன்றும் சிலரைத்தான் ஏற்றியது. கப்பல்கள் அருகில் இருந்ததாலும், திரும்பத் திரும்பப் பறந்ததாலும் அது நடந்தது.

சோவியத் இவான் ரோகோவ் வகைக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 500 கடற்படைக் காலாட்கள், 4 கா-29, ஆனால் முன்னும் பின்னுமாக இரண்டு ஹெலிகாப்டர் தளங்கள்தான். முதல் இரண்டு எழும்பிக் காத்திருக்க, அடுத்த இரண்டைத் தயார் செய்ய வேண்டும். ஓர் அலைக்கு 64 பேர், எனவே 8 அலைகள். கரை 50 கி.மீ. தொலைவில் இருந்தால் மணிக்கு 230 கி.மீ. வேகத்தில் போக 13 நிமிடம், வர 13 நிமிடம். ஏற்றி இறக்கி, இடையிடையே எரிபொருள் நிரப்பினால் சுற்றுக்கு 40 நிமிடம் என்று வைக்கலாம். கடைசி ஆள் இறங்கச் சுமார் 5 மணி நேரம். முதல் 64 பேர் அவ்வளவு நேரம் தனியாகத் தாங்க மாட்டார்கள். ஆகவே அவர்களுக்குப் பாலம், கரைப் பீரங்கி நிலை, சாலைச் சந்திப்பு என ஒரே இலக்கைக் கொடுத்துவிட்டு, டாங்கிகளையும் மீதிப் படையையும் படகுகளிலும் காற்றுமெத்தைக் கலங்களிலும் கொண்டுவர வேண்டும்.

அமெரிக்க வாஸ்ப் வகைக் கப்பலில் 9 தரையிறங்கு இடங்கள் உண்டு. ரோட்டார்களைச் சாய்த்து விமானம் போலவும் பறக்கும், 24 பேர் ஏறும் ஆஸ்ப்ரே 12 இருந்தால் 288 பேர் ஓர் அலையில் கிளம்பலாம், அதுவும் மணிக்கு 450 கி.மீ.-க்கு மேற்பட்ட வேகத்தில். அந்த வேகத்துக்கு ஈடாக அதன் சூடான புகை தளத்தின் உலோகத்தை வாட்டுகிறது. கீழ்நோக்கி அடிக்கும் காற்று கயிறு வழியாக இறங்குபவர்களைத் தள்ளுகிறது.

இந்தக் கணக்கெல்லாம் எல்லா ஹெலிகாப்டரும் பறக்கும் நிலையில் இருந்தால்தான் நிற்கும். தாழப் பறந்து கடல் நீர்த்தூளை உறிஞ்சிய எஞ்சினில், காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் பிளேடுகளில் உப்புப் படியும். அதனால் சக்தி குறையும், வெப்பம் ஏறும், எஞ்சின் திணறாமல் தாக்குப்பிடிக்கும் எல்லை சுருங்கும். ஒவ்வொரு நாள் பறப்புக்குப் பிறகும் நன்னீரால் எஞ்சினையும் ரோட்டார் தலையையும் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். நன்னீர் குறைவு, இடம் குறைவு என்று இதைத் தள்ளிப்போட்டால் நான்கில் ஒன்று ஹேங்கரில் நின்றுவிடும். அப்போது அலைக்கு 48 பேர், 8 அலைகள் 11 ஆகும்.